பகாசுரன் மீது ஒரு வழக்கு

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் நமது இல்லத்தில் ஒரு பெரிய வழக்கு விசாரணைக்கு வந்து விட்டது. வாதி, எட்டாம் வகுப்பில் வாசிக்கும் நமது புதல்வி. பிரதிவாதி, கூடத்து மேஜை மீதிருந்த கண்ணாடித் தொட்டியில் வசித்த ஒரு தங்கமீன்.

அத்தொட்டியில் இருந்தவை மூன்று மீன்கள். இரண்டு, உருண்டை உடலும், தலையில் குல்லாய் வைத்தாற் போன்ற சதையும் கொண்ட ‘ஒராண்டா’ ஜாதி. மூன்றாவது, மெலிந்த உடலும் நீண்ட வாலும் வாய்ந்த ‘காமெட்’. இரை போட்டால், மற்றவை திரும்பிப் பார்ப்பதற்குள் முக்கால் பங்கை இது தீர்த்து விடும். ஆகையால் நமது புதல்வி இதற்குப் பகாசுரன் என்று நாமகரணம் செய்து, அப்பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தொட்டியின் மேல் ஒட்டியும் வைத்திருந்தாள்.

“அப்பா, காலையிலிருந்து இவன் அந்தக் குண்டு மீனைத் துரத்துகிறான். அதன் வயிற்றிலேயே இடிக்கிறான். ஒரு நிமிஷம் அதை நிற்க விடவில்லை” என்றாள் வாதி. நாமும் கண்ணால் பார்த்தோம். குற்றச்சாட்டு உண்மையே. துரத்தப்பட்ட மீன் தொட்டியின் மூலைக்கு மூலை ஓடி, கண்ணாடியில் மோதிக் கொண்டது.

இருபது வருஷமாக வகுப்பில் வழக்குத் தீர்த்த பழக்கம் நமக்கு உண்டு. கணமும் தாமதியாமல், “நாளைக் காலை இவனைக் கோயில் குளத்தில் விட்டு விடுவோம்” என்று தீர்ப்பளித்தோம். “அங்கே இருக்கிற மீன்களை இவன் அடிக்க மாட்டானா, அப்பா?” என்று கேட்டாள் குழந்தை. நமக்குப் பதில் தோன்றவில்லை.

அவள் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்பதைப் பின்னால் அறிந்தோம். தங்கமீன் சீன தேசத்தில் ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக மனிதர் வளர்த்துப் பழக்கிய கெண்டைக் குடும்பத்துப் பிராணி. குளத்திலோ ஏரியிலோ விட்டால் அது சேற்றைக் கிளறி ஜலத்தைக் கலக்கும், கொடிகளைப் பிடுங்கும், மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்னும். அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்துப் பர்ன்ஸ்வில் நகரத்தார், வீட்டுத் தங்கமீன்களை ஏரிகளில் விட வேண்டாமென்று 2021-ல் ஜனங்களைக் கேட்டுக் கொள்ள நேர்ந்தது. நமக்குப் புண்ணியமாகத் தோன்றும் காரியம் குளத்துக்குப் பாவமாக முடியக் கூடும்.

நிற்க. நாடு கடத்தலைக் கைவிட்டுச் சிறைவாசம் விதித்தோம். பகாசுரனைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, சமையலறைத் திண்ணையடியில் வைத்தாயிற்று. இனித் தொட்டியில் சாந்தி நிலவும் என்று நிம்மதியாக உறங்கினோம்.

மூன்றாம் நாள் காலையில் குண்டு மீன் செத்து மிதந்தது.

குழந்தை அழுததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. துரத்துகிறவனை விலக்கிய பிறகும் அது ஏன் செத்தது என்ற கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. அன்று மாலையே நமது பள்ளியில் உயிரியல் போதிக்கும் நண்பரை அழைத்து வந்தோம். அவர் முதலில் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பகாசுரன் மேல் மட்டத்தில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தான்.

“ஸார், இவன் செவுள் மூடியைப் பாருங்கள். உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. முன் துடுப்பின் ஓரத்திலும் இருக்கின்றன. இது ஆண் மீன் பருவத்துக்கு வந்ததன் அடையாளம். நீங்கள் பார்த்தது அடிதடி அல்ல, ஸார், கல்யாணம்” என்றார் நண்பர்.

அவர் விளக்கியதன் சாரம் இது: பெண் மீன் முட்டை கொண்டு பருக்கும்போது, ஆண் அதைப் பின்தொடர்ந்து வயிற்றின் பின்பக்கத்தில் முட்டும். முட்டைகளை உதிர்ப்பதற்கான ஏற்பாடு அது. சில மணி நேரமோ, ஓரிரு நாளோ நடந்து பின் தானே ஓய்ந்து விடும். குளத்தில் பெண் மீனுக்கு ஓட இடமுண்டு, ஒளியக் கொடியுண்டு. நமது தொட்டியோ ஒன்றரை அடி நீளம். கொள்வது 30 லிட்டர். அதில் ஓடுவதெங்கே, ஒளிவதெங்கே? புள்ளிகள் உடல் முழுவதும் இறைந்து கிடந்தால்தான் அது வெண்புள்ளி நோய் என்று சந்தேகிக்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

“அப்படியானால் மற்றொன்றைக் கொன்றது யார்?” என்றோம். நண்பர் பையிலிருந்து ஒரு சிறு பரிசோதனைப் பெட்டியை எடுத்து, தொட்டி ஜலத்தைக் குழாயில் பிடித்து, மருந்துத் துளிகளை விட்டார். இல்லாதிருக்க வேண்டிய அம்மோனியா அதில் மிகுந்திருப்பதை நிறம் காட்டி விட்டது.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியேற்றுகிறது. அது விஷம். வடிகட்டியிலுள்ள பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இக்கூட்டம் ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் பிடிக்கும். நாமோ சுத்தத்தில் வெகு அக்கறையுள்ளவர். ஞாயிறுதோறும் முழு ஜலத்தையும் இறைத்தோம். புது ஜலத்தை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரினைப் போக்கத் தெரிந்த நமக்கு, பஞ்சை அதே குளோரின் கலந்த குழாயடியில் அலம்பக் கூடாதென்று தெரியவில்லை. வாரந்தோறும் அந்த உபகாரிகளை நம் கையாலேயே கொன்று வந்திருக்கிறோம். அத்துடன் கோடையும் சேர்ந்தது. 20 டிகிரி ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்குமானால், 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் இராது. மூச்சு முட்டிய மீனை விரட்டவும் செய்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

ஆக, வழக்கில் மெய்யான குற்றவாளி நீதிபதி ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.

இந்த அநுபவத்திலிருந்து, வீட்டில் தங்கமீன் வளர்க்கும் வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்லும் உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறதென்று எண்ணுகிறோம். ஸயாம் தேசத்துச் சண்டை மீன் எல்லைக்காகப் போராடும் சுபாவமுடையது. தங்கமீன் அப்படியன்று, கூட்டமாக வாழ்வது. அது மற்றொன்றைத் துரத்தினால் ஒரு காரணம் இருந்தே தீரும். எனவே மீனைத் தண்டிப்பதற்கு முன் ஜலத்தைச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கலாகாது. வாரம் ஒரு முறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றினால் போதும். பஞ்சை, தொட்டியிலிருந்து இறைத்த ஜலத்திலேயே பிழிந்து கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, துரத்தல் எப்போது நிகழ்கிறதென்று கவனியுங்கள். இரை போடும் வேளையில் மட்டுமானால் அது பசியின் போட்டி. இரையைச் சிறிது சிறிதாக, இரண்டு மூன்று இடங்களில் போட்டால் அடங்கும். வயிற்றின் பின்பக்கத்தில் முட்டுவதானால் பருவத்தின் வேகம்; தொட்டியின் குறுக்கே வலைத் தடுப்பு வைத்துச் சில நாள் பிரித்தால் போதும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் இருப்பின் தொல்லை ஒன்றின் மேலேயே விழாது. எல்லாமாகச் சேர்ந்து ஒன்றைக் கடித்தால், கடிபடுவது ஏற்கெனவே நோயுற்றது என்று ஊகித்து, அதைத் தனியே எடுத்துச் சிகிச்சை செய்ய வேண்டும். இவற்றில் எதற்காகப் பிரித்தாலும், நாம் செய்தது போல் வாளியில் அடைக்காதீர்கள். காற்றுக் குழாயும் வடிகட்டியும் உள்ள பாத்திரமாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, காமெட்டையும் உருண்டை ஜாதிகளையும் ஒன்றாக வைக்க வேண்டாம். குதிரைக்கும் குடத்துக்கும் ஓட்டப் பந்தயம் வைப்பது போலாகும் அது. உருண்டை மீன் ஒன்றுக்கு 75 லிட்டரும், மேற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டரும் வேண்டுமென்பது அநுபவஸ்தர் கணக்கு. அலங்காரமாக விற்கும் சிறு கண்ணாடிக் கோளம் மீனுக்கு வீடாகாது.

இனி வழக்கின் முடிவைச் சொல்லி விடுகிறோம். நண்பர் அன்றைக்கே பகாசுரனை வாளியிலிருந்து விடுவித்து, பள்ளித் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டிக்குக் கொண்டு போனார். மீன்கொத்தி வராதபடி மேலே வலை கட்டிய, பத்தடி நீளமுள்ள தொட்டி அது. அங்கே அவன் ஜாதி மீன்கள் ஏற்கெனவே நான்கு இருந்தமையால், மூன்று வாரம் வலைக்குப் பின்னால் வேறொரு தொட்டியில் தனியே வைத்துப் பார்த்து, பிறகே கூட்டத்தில் சேர்த்தார். எஞ்சிய ஒராண்டாவுக்கு நாம் மூன்றடித் தொட்டி வாங்கினோம். நிரம்பிய தொட்டியின் பாரம் 170 கிலோவுக்கு மேல் என்பதால் அதற்கு இரும்புத் தாங்கியும் செய்ய வேண்டியதாயிற்று. “மீன் ஐம்பது ரூபாய், அதன் வீடு இத்தனை ஆயிரமா?” என்று நமது இல்லாள் கேட்டது உண்மை. எனினும், இப்பொழுது தினமும் விளக்கு வைத்தவுடன் தொட்டியின் முன் உட்காருகிறவர் அவர்தாம்.

பழைய தொட்டியைக் கழுவிப் பரண்மேல் வைக்கும்போது, பகாசுரன் என்று எழுதிய காகிதம் இன்னமும் அதில் ஒட்டியிருந்தது. குழந்தை அதைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரித்தாள். “அப்பா, அவனுக்கு நாம் முதலில் இந்தப் பெயர் வைத்திருக்கவே கூடாது” என்றாள்.

மறுநாள் நாம் வகுப்புக்குப் போனபோது, கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் அடித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு நாம் வைத்திருந்த பெயரை இங்கே சொல்ல வெட்கமாயிருக்கிறது. மூவர் உட்கார வேண்டிய அந்த பெஞ்சில் ஐவர் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.