ராமானுஜத்தின் மாளிகைகள்

ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது அவருடைய மனநோய். அடுத்து, 1973இல் அவர் தற்கொலை செய்துகொண்ட சேதி. அதற்குமேல் படத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பாம்பு என்றால் பயம், சுவர் என்றால் சிறை, பறக்கும் உருவம் என்றால் விடுதலை என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கிட்டே போய்ப் பாருங்கள். பேனா மையில் மயிரிழைக் கோடுகள். கோட்டின்மேல் கோடாக எழும்பும் மாடங்கள், வளைவுகள், படிக்கட்டுகள். எங்கும் பாம்புகள், விநோத விலங்குகள். மூச்சு முட்டும் நெருக்கம்தான். ஆனால் அதற்குள்ளே தொப்பி வைத்த ஒருவர், அந்த மாளிகைக்கே சொந்தக்காரர்போல வலம்வருகிறார். அவர் ராமானுஜமேதான். நாலு பேரோடு பழகுவதே பெரும்பாடாக இருந்த மனிதர், தான் தலைநிமிர்ந்து நடப்பதற்கான இடத்தைக் காகிதத்தில் கட்டிக்கொண்டார். சுவரை அவர் இடிக்கவில்லை. அதற்குள்ளேயே படி வைத்தார், வாசல் வைத்தார்.

வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடியவர்களுக்குத் தெருவிலும் அதே காற்றுதான். உள்ளே சிறை, வெளியே விடுதலை என்ற கணக்கு இங்கே செல்லாது.

நோய்தான் ராமானுஜத்தை ஓவியராக்கியது என்பாரும் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. நோய் அவரை வதைத்தது. கை பழகியது சென்னைக் கலைப் பள்ளியில். அவரை இனங்கண்டு அரவணைத்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் அவருக்கு இருக்க இடமும் வரையத் தோழமையும் கொடுத்தது. அத்தனையும் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை என்பது ஆறாத துயரம். ஆனால் அவை இல்லாதிருந்தால் அந்த மாளிகைகளே எழும்பியிருக்காது.

எழும்பூர் அருங்காட்சியகம், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, சோழமண்டலம் என்று படம் பார்க்கப் போகிற இடமெல்லாம் வடசென்னைக்காரர்களான நமக்குத் தெற்கேதான். காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை எங்கே போகும்? ஆசிரியர்களே, அந்த நோட்டைப் பிடுங்காதீர்கள். ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளையை எழும்பூருக்கு அழைத்துப் போங்கள்.