ஆயுசுக்கும் கழற்றாத மாலை!

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேடு வியாபாரம் படுத்துவிடும். தேனியில் தொடங்கி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி வரைக்கும் ரோடெல்லாம் தாடி. நேற்று வரை 'டேய் மாப்ளே' என்றவன், இன்று 'சாமி, டீ சாப்பிடலாமா சாமி?' என்பான். மேனேஜரும் சாமி, பியூனும் சாமி, லோன் வசூலுக்கு வந்தவரும் சாமி. விடிகாலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். பீடி, சிகரெட், பாட்டில் மூன்றுக்கும் லீவு. வழியெல்லாம் பந்தல் போட்டு அன்னதானம்.

இதையெல்லாம் நாம் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆனால், அதே ரோட்டில் வடக்கத்தி லாரியிலிருந்து ஒரு சர்தார்ஜி இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்... மொத்தக் கடையும் பேப்பரைத் தாழ்த்திவிட்டுப் பார்க்கும். 'ஏண்ணே, இவய்ங்க முடியே வெட்ட மாட்டாய்ங்களா?' என்று ஒருத்தர் கிசுகிசுப்பார். அவரையே கேட்கலாமென்றால் ஹிந்தி வராது. ஆபீஸில் விவரம் தெரிந்தவரைக் கேட்டால், பதிலுக்கு ஒரு சர்தார்ஜி ஜோக் சொல்லுவார்.

2011 சென்சஸ்படி இந்தியாவில் சீக்கியர்கள் சுமார் 2 கோடியே 8 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 15 ஆயிரம்கூட இல்லை. ஆக, நம்மில் பலருக்கு சீக்கியர் என்றால் லாரி, மிலிட்டரி, மன்மோகன் சிங், ஜோக்... அவ்வளவுதான். வழக்கமாக வந்து விழும் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

'மொதல்ல, அவய்ங்க இந்துவா, முஸ்லிமா?'

இரண்டும் இல்லை. தனி மதம். தொடங்கியவர் குருநானக். 1469-இல் பிறந்தவர், பிறந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அவரையும் சேர்த்துப் பத்து குருமார்கள். 'சீக்கியர்' என்பது வேறொன்றுமில்லை, நம்ம 'சிஷ்யர்'தான். கடவுள் ஒருவர்; உருவம் கிடையாது; அவதாரம் எடுப்பதில்லை. சிலை இல்லை. விரதம் இல்லை. ராகுகாலம், எமகண்டம், சூலம் எதுவும் இல்லை. நம் ஊர் டெய்லி ஷீட் காலண்டர்காரர்கள் அங்கே போய்க் கடை போட முடியாது.

குருநானக் சொன்னதைச் சுருக்கினால் மூன்றே கட்டளை. கடவுளின் பெயரை நினை. நேர்மையாக உழைத்துச் சம்பாதி. சம்பாதித்ததைப் பகிர்ந்து சாப்பிடு. நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். காவி கட்டிக்கொண்டு மலையேறுகிற வேலையெல்லாம் வேண்டாம். பெண்டாட்டி, பிள்ளை, ஆபீஸ், மாசக் கடைசி... இதற்குள்ளே இருந்துகொண்டே கும்பிடு என்கிற மதம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்குக் கொடுக்க வேண்டும். டி.டி.எஸ். பிடிப்பதற்கு முந்தியா, பிந்தியா என்பது அவரவர் மனசாட்சி!

'தலைப்பாகைக்குள்ள என்னண்ணே இருக்கு?'

முடி. கூடவே ஒரு சின்ன மரச்சீப்பு.

1699-ஆம் வருஷம் வைசாகித் திருநாள். பத்தாவது குருவான கோவிந்த் சிங், ஆனந்த்பூரில் பெருங்கூட்டத்துக்கு நடுவே உருவிய வாளுடன் நின்று, 'தலை கொடுக்க யார் தயார்?' என்று கேட்டார். கூட்டம் கப்சிப். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். அவர்களில் ஒருவர் விவசாயி, ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் நாவிதர். அந்த நாவிதர் நம் தெற்கத்திப் பக்கம், கர்நாடகத்து பீதர் ஊர்க்காரர் என்கிறது சீக்கிய மரபு. முடியே வெட்டாத சபையின் முதல் ஐவரில் ஒருவர் நாவிதர் என்பதைக் கொஞ்சம் ரசியுங்கள்.

ஐவருக்கும் ஒரே இரும்புப் பாத்திரத்திலிருந்து சர்க்கரை கலந்த தண்ணீரை அமிர்தமாகக் கொடுத்தார் குரு. அதற்கு அப்புறம் செய்ததுதான் விசேஷம். அந்த ஐவர் முன்னாலேயே மண்டியிட்டு, அவர்கள் கையால் தானும் வாங்கிக் குடித்தார். அப்படிப் பிறந்ததுதான் 'கால்சா' சபை.

இந்த தீட்சை வாங்கியவர்களுக்கு ஐந்து அடையாளம். எல்லாமே 'க'வில் தொடங்கும். கேஷ் - வெட்டாத முடி. கங்கா - சீப்பு. கடா - இரும்புக் காப்பு. கச்சேரா - அரை டிராயர். கிர்பான் - குறுவாள். சீக்கியக் குடும்பத்தில் பிறந்த எல்லோரும் தீட்சை வாங்குவதில்லை. வாங்கினால் ஐந்தையும் விடக்கூடாது.

ஐந்தில் தலைப்பாகை இல்லை, பார்த்தீர்களா? அது முடியைக் காக்கக் கட்டுவது. ஆனால், அர்த்தம் பெரிசு. அந்தக் காலத்தில் தலைப்பாகை ராஜாக்களும் பெரிய மனிதர்களும் கட்டுகிற சங்கதி. அதை எல்லோர் தலையிலும் ஏற்றியாகிவிட்டது. நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் செய்தார். கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வந்து வழிபடச் சொன்னார். துணி ஒன்றுதான், தலை நிமிரும் உயரம்தான் வேறே!

'அந்தக் கத்தியப் போலீஸ் புடிக்காதா?'

பிடிக்காது. சீக்கியர் கிர்பான் அணிவது மத உரிமையில் அடங்கும் என்று நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலேயே விளக்கம் போட்டிருக்கிறார்கள். உள்நாட்டு விமானத்தில்கூட அளவுக்குட்பட்ட கிர்பான் போகலாம். சண்டைக்காக அல்ல, எளியவனுக்கு ஆபத்து என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்று ஞாபகப்படுத்த.

'டெய்லி என்னதான் பண்ணுவாய்ங்க?'

சூரியன் உதிக்கும் முன் எழுந்து குளியல். தலையைச் சீவி, தலைப்பாகை கட்டி, காலைப் பிரார்த்தனை. அதில் முதலாவது, குருநானக் இயற்றிய ஜப்ஜி. சாயங்காலம் ரெஹ்ராஸ். படுக்கப் போகுமுன் சோஹிலா. வீட்டிலேயே சொல்லலாம், லாரி ஓட்டிக்கொண்டும் சொல்லலாம். அர்ச்சனைச் சீட்டு, ஸ்பெஷல் தரிசன க்யூ எதுவும் கிடையாது. நடுவில் ஐயரும் கிடையாது. குருத்வாராவில் நூலைப் படிப்பவருக்கு கிரந்தி என்று பெயர். ஆணும் படிக்கலாம், பெண்ணும் படிக்கலாம்.

நம் சாமிமார்கள் ஒரு மண்டலத்துக்கு எழுவதை, இவர்கள் ஆயுசு பூராவும் எழ வேண்டும். எல்லா சர்தார்ஜியும் எழுகிறாரா என்று கேட்காதீர்கள். எல்லா மதத்திலும் அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு.

'புஸ்தகத்தையா கும்புடுறாய்ங்க?'

நாம் சரஸ்வதி பூஜையன்று ஒரு நாள் செய்வதை அவர்கள் தினமும் செய்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால், அதைவிட அழுத்தமான விஷயம். 1708-இல் நாந்தேடில் உயிர் துறக்குமுன் குரு கோவிந்த் சிங், 'எனக்குப் பிறகு மனித குரு இல்லை. இந்தக் கிரந்தம்தான் குரு' என்று முடித்துவிட்டார். அதனால் குரு கிரந்த் சாகிபை உயிருள்ள குருவாகவே நடத்துகிறார்கள். காலையில் தலைமேல் சுமந்து வந்து திறப்பார்கள்; மேலே விதானம், பக்கத்தில் சாமரம்; ராத்திரி மூடி, பள்ளியறையில் வைப்பார்கள்.

1430 பக்கம். பெரும்பாலும் ராக வரிசையில் அமைந்த பாட்டுகள். பாடியவர்கள் குருமார்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீர், செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த ரவிதாஸ், மகாராஷ்டிரத்து நாமதேவ், முஸ்லிம் சூஃபியான ஷேக் ஃபரீத்... இவர்கள் பாட்டும் உள்ளே இருக்கிறது. திருப்பாணாழ்வாரின் பாசுரம் திவ்வியப் பிரபந்தத்தில் இருக்கிற மாதிரி.

'பிரெண்டாயிட்டா ஒரு பீடி குடுக்கலாமா?'

வேண்டாம். புகையிலை அறவே ஆகாது. டீ கொடுங்கள், தாராளம். மாமிசம் விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஹலால் மட்டும் கூடாது. ஆனால், குருத்வாராச் சமையல் எப்போதும் சைவம்தான்.

'நாம போனா உள்ள விடுவாய்ங்களா?'

விடுவதாவது! அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல் வைத்ததே, எல்லோரும் வரத்தான். தேனிக்காரர்களுக்குப் பக்கம் ராமேஸ்வரம். ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து நேர் பஸ். குருநானக் இலங்கை போய்த் திரும்பும் வழியில் ராமேஸ்வரம் வந்தார் என்பது சீக்கிய மரபு. அதன் நினைவாக அங்கே ஒரு குருத்வாரா இருக்கிறது. சென்னையில் என்றால் தி.நகர் ஜி.என்.செட்டி ரோடு.

செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையைக் கர்ச்சீப்பால் மூடிக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்தால் வெளியிலேயே விட்டுவிடுங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரையில் செய்த சூடான அல்வா பிரசாதம் தருவார்கள். இரண்டு கையும் நீட்டி வாங்கணும். அப்புறம் லங்கர், அதாவது பொதுப்பந்தி. கலெக்டரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் தரையில். காசு கிடையாது. 'நீ யாரு, எந்த ஊரு?' என்று கேட்க மாட்டார்கள். 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு நமக்குத் தெரியும். அந்த அடுப்புக்கு இது மூத்த சகோதரன்.

'பன்னெண்டு மணியானா இவய்ங்களுக்குக் கிறுக்குப் புடிக்குமாம்ல?'

வந்துவிட்டதா! படையெடுத்து வந்தவர்கள் கவர்ந்து போன பெண்களை, நடு ராத்திரியில் சீக்கியர்கள் பாய்ந்து மீட்டார்கள், அந்தப் பன்னிரண்டு மணிதான் பின்னால் கிண்டலானது என்று ஒரு கதை சொல்வார்கள். சரித்திரமோ, செவிவழியோ... சர்தார்ஜி ஜோக்குக்குத் தடை கேட்டு ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. இதற்கெல்லாம் கோர்ட் விதி போட முடியாது என்று 2017-இல் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். எதற்குச் சிரிக்கக் கூடாது என்பதை ஜட்ஜ் எப்படிச் சொல்வார்? அது நம் வேலை.

'எல்லாருமே சிங்குன்னா, என்ன சாதின்னு எப்புடிண்ணே கண்டுபுடிக்கிறது?'

தேனி ஜில்லாவின் நியாயமான சந்தேகம்! கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆணுக்கு சிங், பெண்ணுக்கு கௌர். சாதிப் பெயர் காலி.

நடைமுறையில் காலியாகிவிட்டதா? இல்லை. பஞ்சாபில் பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா, சாதிக்கொரு சுடுகாடு இன்றைக்கும் உண்டு. 1920-இல் பொற்கோயிலிலேயே, ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து சீக்கியரானவர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்கப் பூசாரிகள் மறுத்தார்கள். பெரிய தகராறாகி, அந்தப் பூசாரிகளின் ஆதிக்கமே முடிவுக்கு வந்தது. மதம் சொல்வது ஒன்று, ஊர் செய்வது ஒன்று. இந்த விஷயத்தில் நமக்கு டியூஷன் வேண்டாம்.

ஆனால், அந்தப் பந்தி ஒரு தடவை நம் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. குமுளி தாண்டிக் கோட்டயம் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் வைக்கம். 1924-இல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காகப் போராட்டம். நம் பெரியார் போய் ஜெயிலுக்குப் போனாரே, அதே வைக்கம். அங்கே பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து இறங்கி, போராடியவர்களுக்கு இலவசச் சமையல்கூடம் திறந்தார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்திஜி சொன்னார். அது வேறு கதை. தெருவில் நடக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட, மொழி தெரியாத ஒருத்தன் பஞ்சாபிலிருந்து ரயிலேறி வந்தான் என்பதுதான் நம் கதை.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. டெல்லி எல்லையில் 2020-21 விவசாயிகள் போராட்டத்தைப் பார்த்து ஈர்க்கப்பட்ட தூத்துக்குடி வழக்கறிஞர் ஜீவன் சிங், 2023-இல் சீக்கியம் தழுவினார். அவர் தலைமையிலான பகுஜன் திராவிடக் கட்சி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழ் வேட்பாளர்களை நிறுத்தியது. எல்லோருக்கும் தோல்விதான். ஓட்டு எத்தனை விழுந்தது என்பதை விடுங்கள். சாதி ஒட்டாத ஒரு பெயருக்காக, சுத்தத் தமிழன் ஒருவன் இவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் உறைக்கிறது.

ஏனென்றால் நமக்கும் வழி தெரியாமல் இல்லை. வருஷத்துக்கு ஒரு மண்டலம் நாமும் அதைச் செய்துதான் பார்க்கிறோம். எந்தத் தெரு, என்ன ஆளு என்று கேட்காமல், கருப்பு வேட்டி கட்டிய எல்லோரையும் சாமி என்கிறோம். ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினதும்தான் கோளாறு. தாடியோடு சேர்த்து 'சாமி'யும் சலூனில் விழுந்துவிடுகிறது.

அடுத்த தடவை குமுளி ரோட்டில் சர்தார்ஜி யாராவது டீக்கடையில் இறங்கினால், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். ஹிந்தி வராவிட்டால் பரவாயில்லை. 'சாமி, டீ சாப்பிடுறீங்களா?' என்று தமிழிலேயே கேளுங்கள். தப்பே இல்லை. அவர் மாலை போட்டு 300 வருஷத்துக்கு மேலாகிறது.