முதல் தூறல்தான் வழுக்கும்

தூறல் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கா பத்துவில் டியூஷன் முடிந்து திரும்பும் வழி. வளைவில் முன் பிரேக்கை அழுத்தினேன். மோட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கனமழையைவிட முதல் தூறல்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் நீரோடு சேர்ந்து வழுக்கும். மழை வலுத்தால் ஓரளவு கழுவிப் போகும். வெள்ளைக் கோடுகளும் ஈரத்தில் வழுக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த பிறகே இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம். காய்ந்த தளத்தில் குறுகிய பாலத்தைக் கடந்தேன், தேர்ச்சி! ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பயிற்சித் தளத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி ஒரு பாடம் நடத்தினால் என்ன? அடுத்த மாதம் என் தம்பி உரிமத்துக்குப் பதிகிறான்.