கம்பியை அறுக்கச் சொல்லும் கனவான்களுக்கு

"இ.பி.காரனை நம்பாதே, சோலார் போடு, கம்பியை அறுத்து எறி!" இப்படி ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. கிளியனூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஆரோவில். அதனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ஆசை சீக்கிரமே தொற்றிக்கொள்கிறது. ஆசைப்படட்டும். கணக்குப் போட்டுவிட்டு ஆசைப்படட்டும்.

75 வாட் ஃபேன் இரண்டு, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 1.8 யூனிட். அது சீக்கிரம் சாகாமல் இருக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் உறிஞ்சக் கூடாது. ஆக 0.9தான். விடியும்வரை ஃபேனுக்கே போதாது! இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்று பதினைந்தாயிரம் வாக்கில் வைத்தால் முப்பதாயிரம். ஐந்து வருஷம் உழைத்தால் (உழைத்தால்!) மாசம் 500 ரூபாய் தேய்மானம். பேனல், இன்வெர்ட்டர் எல்லாம் தனி.

அதே வீடு இ.பி.யில் மாசம் 50 யூனிட் எரித்தால் பில் எவ்வளவு? பூஜ்யம். இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-லேயே வந்துவிட்டது. பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டு 500-ஐ வாங்குவதற்குப் பெயர் சுதந்திரமாம் :-)

2011-ல் தமிழக அரசு சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, சோலாரில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்கு. அதே வருஷம் அதே அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேனும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த விளக்கு சோலாரில் மிக்ஸி சுற்றுமா? நல்லவேளை, வேண்டியவர்கள் இ.பி. இணைப்பும் வாங்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

பீகாரில் தர்னை என்ற கிராமம். 2014-ல் ஊருக்கே தனி சோலார் கட்டமைப்பு போட்டுக்கொடுத்தது கிரீன்பீஸ். உலகமே கைதட்டியது. ஊர்க்காரர்களோ அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் "நிஜ கரண்ட்" கேட்டார்கள். டி.வி., ஃபிரிட்ஜ் ஓடாத கரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏழைக்கு ஒரு பல்பு போதும் என்று முடிவு செய்தது யார்?

'2011 தானே புயலில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், 2024 ஃபெஞ்சலில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியபோது இ.பி. எங்கே போச்சு?' என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் போதும். வருஷத்தில் சில ராத்திரிக்காக மீதி எல்லா ராத்திரியையும் அடகு வைப்பானேன்?

சோலாரே வேண்டாம் என்பதல்ல பேச்சு. கூரையில் போடுங்கள், இ.பி.யோடு சேர்த்துப் போடுங்கள். பகலில் மிஞ்சுவது கம்பியில் போகும், ராத்திரி எடுப்பதில் கழித்துக்கொள்ளலாம். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். கம்பியை அறுத்தவர்களுக்கு அது கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: பேட்டரி இல்லாத இந்த வகை சோலார், லைன் போனால் நல்ல வெயிலிலும் தானாக நின்றுவிடும். புயலுக்கென்று வாங்கிய அந்த ஒற்றை பேட்டரியை விற்றுவிடாதீர்கள்.