ஆகிக்கொண்டிருக்கும் மனிதன்

பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814 ஆம் ஆண்டில் ஒரு பேரறிவைக் கற்பனை செய்தார். ஒரு கணத்தில் உலகப் பொருள்கள் அனைத்தின் இருப்பையும், அவற்றை இயக்கும் விசைகளையும் அவ்வறிவு அறியுமாயின், இனி நிகழவிருப்பது எதுவும் அதற்கு மறைவாக இராது என்றார். அவ்வாறாயின், நாளை ஒருவன் மெய் பேசுவானா, பொய் பேசுவானா என்பது இன்றே முடிவாகிவிட்டது. பிறகு அவனைப் பாராட்டுவதற்கோ கடிவதற்கோ என்ன பொருள்?

இவ்வினாவை எதிர்கொண்டவரும் ஒரு கணித அறிஞரே. இங்கிலாந்தில் 1861 இல் பிறந்த ஆல்பிரட் நார்த் ஒயிட்ஹெட், கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் கணிதம் கற்பித்தவர். பலர் ஓய்வை எண்ணும் 63 ஆம் வயதில், மெய்யியல் கற்பிக்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1929 இல் வெளிவந்த அவருடைய பெருநூல், நிகழ்முறை மெய்யியலுக்கு அடித்தளமாயிற்று.

உலகம் மாறாத பொருள்களால் ஆனதன்று. நிகழ்வுகளால் ஆனது என்பது அவர் கொள்கை. ஆறு என்பது பெயர்ச்சொல்தான். ஆயினும், ஓடுதல் நீங்கினால் ஆறு ஏது? மனிதனும் அத்தகையவனே. ஒவ்வொரு கணமும் தனக்கு முன் நிகழ்ந்தவற்றைப் பெற்றுக்கொண்டே பிறக்கிறது. பெற்றதை இல்லையென்று ஆக்க இயலாது. ஆனால், அதனை எவ்வாறு ஏற்பது என்பதில் அக்கணத்திற்கெனச் சிறிது இடம் எஞ்சுகிறது.

அடி வாங்கியே வளர்ந்த ஒருவன், தன் மகனை அடிக்கக் கை ஓங்குகிறான். அப்பழக்கம் அவன் தேடிக்கொண்டதன்று. அவ்வேளையில் தன் தந்தையின் கை அவன் நினைவுக்கு வருகிறது. அந்நினைவும் முன்னரே முடிவானதுதான் என்று லாப்லாசின் வழிவந்தோர் கூறுவர். இருக்கட்டும். நினைவு எழுவது கடந்த காலத்தின் செயல். அதனைக் கொண்டு என்ன செய்வது என்பது அந்தக் கணத்தின் செயல். மனிதனின் சுதந்திரம் அவ்வளவு சிறிய இடத்தில்தான் வாழ்கிறது.

இக்கொள்கையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மனிதன் கணங்களின் தொடர் எனின், நேற்றுக் கடன் வாங்கியவன் வேறு, இன்று திருப்பித் தரவேண்டியவன் வேறு என்று வாதிடலாம் அன்றோ? தந்தையின் சொத்தைப் பெற்றவன் கடனையும் ஏற்பதுபோல, இன்றைய கணம் நேற்றைய வாக்கையும் ஏற்கவேண்டும் என்று ஒயிட்ஹெட்டின் சார்பில் விடை கூறலாம். ஆயினும், அது முழுநிறைவு தரும் விடையன்று. 'ஏற்கவேண்டும்' என்பது வேறு, 'ஏற்கிறது' என்பது வேறு. ஓங்கிய கையை நிறுத்த இடம் தந்த அதே கணம், கொடுத்த வாக்கைக் கைவிடவும் இடம் தருகிறது.