85 ஆயிரம் ரூபாய் லென்ஸா, சோவியத் காலத்துப் பழைய லென்ஸா? மச்சானுக்குப் போட்ட கணக்கு

வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக்கடன்னுதான் பேசுவோம். இன்னைக்கு கேமரா லென்ஸ். தப்பான பக்கத்துக்கு வந்துட்டோமோன்னு பயப்பட வேண்டாம், இதுவும் பணக் கணக்குதான்.

என் மனைவியோட தம்பி, எனக்கு மச்சான், வேலைக்குப் போய்க்கிட்டே சனி ஞாயிறுல போட்டோ எடுக்கிறான். வளைகாப்பு, காதுகுத்து, தெரிஞ்ச கடைக்குப் புடவைப் படம், இந்த மாதிரி. மாசம் மூணு வேலை வந்தா பெருசு. கையில இருக்கிறது சோனி ஏ6400, கூடவே வந்த கிட் லென்ஸ். மூணு மாசம் முன்னாடி ஒருநாள் ராத்திரி ஃபோன் பண்ணான். "மாமா, முகம் மட்டும் பளிச்சுன்னு வந்து பின்னாடி எல்லாம் கரைஞ்சு போகணும்னா இந்த லென்ஸ்தான் வேணும். 85 ஆயிரம். 24 மாசம் இஎம்ஐ போட்டா மாசம் நாலாயிரத்துச் சொச்சம்தான்."

அந்த "தான்" இருக்கே, நம்ம ஊர்ல பாதிக் கடன் அந்த ஒரு வார்த்தையிலதான் ஆரம்பிக்குது.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 85,000 ரூபாய், 15 சதவீத வட்டி, 24 மாதம்னு எடுத்துக்கிட்டா மாசத் தவணை சுமார் 4,121 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 13,900 ரூபாய்க்கு மேல. கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 2,500. ஆக லென்ஸோட விலை 1,01,400 ரூபாய். பிராசசிங் கட்டணம் தனி. "நோ காஸ்ட்"னு விளம்பரம் வந்தாலும், வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கிடைக்கும், வட்டி மேல உள்ள ஜிஎஸ்டி பெரும்பாலும் நம்ம தலையிலதான் விழும். இதைப் பத்தி நம்ம சேனல்லயே விளக்கமா ஒரு வீடியோ இருக்கு, அதனால இங்க நீட்டல.

நான் சொன்ன மாற்று வழி: ஹீலியோஸ் 44-2. சோவியத் யூனியன்ல லட்சக்கணக்குல தயாரான 58 மிமீ, எஃப்/2 லென்ஸ். ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் யேனா கம்பெனியோட பயோட்டார் லென்ஸ் வடிவமைப்பைப் பின்பற்றிச் செஞ்சது. முழுக்க உலோகமும் கண்ணாடியும்தான். உள்ளே மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது, ஃபோகஸ் கையாலதான்.

"அது எப்படி மாமா சோனியில மாட்டும்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராவுல லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல ஒரு கண்ணாடி மேலயும் கீழயும் அசையணும். அதுக்கு இடம் விட்டு லென்ஸைத் தள்ளி வெச்சாங்க. ஹீலியோஸ் லென்ஸோட எம்42 திருகு மவுண்ட்டுக்கு அந்த இடைவெளி 45.46 மிமீ. மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ மவுண்ட்டுல இடைவெளி 18 மிமீதான். மிச்சம் 27 மிமீ சொச்சத்தை ஒரு வெறும் உலோக வளையம் நிரப்பிடும். அந்த வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாததால படத்தோட தரமும் குறையாது, விலையும் ஆயிரம் ரூபாய்ப் பக்கம்தான். நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல இது சரியா வராது. அதோட இடைவெளி 46.5 மிமீ, அதாவது லென்ஸ் கேக்கிறதை விட அதிகம். வளையத்தால தூரத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாதே.

இதுல நிதி மாணவர்களுக்கு ஒரு சுவாரசியமான கதையும் உண்டு. 1987ல கேனான் தன்னோட எஃப்டி மவுண்ட்டைக் கைவிட்டு இஓஎஸ் கேமராவுக்குப் புது மவுண்ட் கொண்டு வந்தது. அதுவரைக்கும் ஆசையாச் சேர்த்த எஃப்டி லென்ஸ்கள் ஒரேயடியா அநாதை ஆச்சு, விலையும் விழுந்துச்சு. மிரர்லெஸ் வந்த பிறகு அதே லென்ஸ்களைத் திரும்பவும் தேடி வாங்குறாங்க. செத்துப்போன சொத்து எழுந்து உக்காந்த மாதிரி. இதைக் காட்டி "விண்டேஜ் லென்ஸ் நல்ல முதலீடு"ன்னு சில பேர் பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்லை. வட்டி வராது, டிவிடெண்ட் வராது, விக்கணும்னா ஆள் தேடணும், நடுவுல பூஞ்சை பிடிச்சா முதலே போச்சு. இதை முதலீடுன்னு சொன்னா வீட்டுப் பரண்ல இருக்கிற அண்டாவும் முதலீடுதான்.

பூஞ்சைன்னதும் என் கதையைச் சொல்லியே ஆகணும். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 4,500 ரூபாய்க்கு ஒரு ஹீலியோஸ் வாங்கச் சொன்னேன். படத்துல பளபளன்னு இருந்துச்சு. வந்ததும் டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருக்கு. விற்றவர் பதிலே சொல்லல. சுத்தம் பண்ண 1,800 கொடுத்தோம். பூஞ்சை போச்சு, ஆனா அது கண்ணாடி மேல இருந்த கோட்டிங்கையும் அரிச்சிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தா படம் முழுக்கப் புகை மூட்டம். 6,300 ரூபாய் காலி. யோசனை என்னோடது, அதனால அந்தப் பணத்தை நானே கொடுத்துட்டேன். வீட்டுல இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க.

ரெண்டாவது லென்ஸை நேர்ல போய் வாங்கினோம். பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தோம். அபெர்ச்சர் இதழ்கள்ல எண்ணெய் கசிஞ்சிருக்கா, ஃபோகஸ் வளையம் கடைசி வரைக்கும் வழவழன்னு சுத்துதான்னு பார்த்தோம். 5,200 ரூபாய், அடாப்டர் 1,100. வீணாப் போனதையும் சேர்த்து மொத்தச் செலவு 12,600. அந்த இஎம்ஐக்கு வட்டியாப் போயிருக்க வேண்டிய தொகையை விட இது கம்மி.

அப்போ எல்லாரும் பழைய லென்ஸுக்கு மாறிடலாமா? அங்கதான் நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.

மாட்டின அன்னைக்கே கேமரா "லென்ஸ் இல்லை"ன்னு மல்லுக்கட்டுச்சு. மெனுவுல லென்ஸ் இல்லாம ஷட்டர் இயங்கணும்னு ஒரு அமைப்பு இருக்கு, அதை மாத்தின பிறகுதான் படமே எடுத்தது. ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டா கூர்மையா இருக்கிற இடம் கலர்ல தெரியும். அசையாம உக்காந்திருக்கிறவங்களுக்கு அது போதும். வளைகாப்புப் பொண்ணை ஜன்னல் ஓரமா உக்கார வெச்சு எடுத்த படங்களைப் பார்த்துட்டு அவங்க வீட்டுல ஆல்பத்துல பத்துப் பக்கம் கூட்டிக் கேட்டாங்க. புடவைப் படமும் அருமை.

ஆனா காதுகுத்துல மாட்டிக்கிட்டான். குழந்தை மாமா மடியில திமிருது, சுத்தி இருபது பேர், காது குத்துற அந்த ஒரு நொடி. கையால ஃபோகஸ் பண்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. முகம் மங்கல், பின்னாடி இருந்த சித்தப்பா சட்டை மட்டும் கூர்மை. அந்த நொடியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வீட்டுக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். இன்னொண்ணு, ஏ6400 சென்சார் சின்னது, அதனால 58 மிமீ லென்ஸ் 87 மிமீ மாதிரி நெருக்கிக் காட்டும். நம்ம வீட்டு ஹால்ல சுவரோட ஒட்டி நின்னாலும் குடும்பம் மொத்தமும் படத்துக்குள்ள வராது. ஹீலியோஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தச் சுழல் மாதிரியான பின்னணியும் ஓரங்கள்லதான் அதிகம். சின்ன சென்சார்ல ஓரம் வெட்டுப்படுறதால அதுவும் பாதிதான்.

அதனால இப்போ என் கருத்து இதுதான். அசையாத வேலைக்குப் பழைய லென்ஸ், ஓடுற வேலைக்கு ஆட்டோஃபோகஸ். ஆனா அந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸைச் சொந்தமா வெச்சிருக்கணும்னு அவசியமில்லை. அதே 85 ஆயிரம் ரூபாய் லென்ஸ் அவனுக்கு ஒருநாள் வாடகைக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. இஎம்ஐல வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு 55 ஆயிரத்துக்கு வித்தான்னு வெச்சுக்கிட்டாலும் அவன் கையை விட்டுப் போறது 46,400 ரூபாய், மாசத்துக்கு 1,900 சொச்சம். அவனுக்கு வர்ற மூணு வேலையில ஓடியாடி எடுக்க வேண்டியது ஒண்ணுதான், அதாவது மாசம் ஆயிரம் ரூபாய் வாடகை. அது மாசம் ரெண்டு நாளைத் தாண்டுச்சுன்னா வாங்குறதுதான் லாபம். அப்போ நானே வாங்கச் சொல்லுவேன்.

அந்த நாளுக்காக 4,000 ரூபாய்ல ஒரு ஆர்டி போட்டிருக்கான். 21 மாசத்துல அசல் 84 ஆயிரம், வட்டியோட 85ஐத் தாண்டிடும். ஹீலியோஸ் இப்போ சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பாவுல இருக்கு, உள்ளே ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டரோட. சென்னைக் காத்துல அது இல்லாம முடியாது.

அப்புறம், சேனல் வீடியோவுல என் மேஜை மேல கறுப்பா உருண்டையா ஒண்ணு இருக்கே, புது பேப்பர் வெயிட்டான்னு கேட்டிருந்தீங்க. அதுதான் அந்த 6,300 ரூபாய் லென்ஸ்.