வண்ணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

அருங்காட்சியகத்தில் எடுத்த பழைய போர் விமானத்தின் புகைப்படம் கிடைத்தால் பலரும் முதலில் பார்ப்பது அதன் மேல் பூசிய வண்ணத்தைத்தான். கறுப்புச் சிலுவை என்றால் ஜெர்மனி, சிவப்பு வட்டம் என்றால் ஜப்பான். தீர்ப்பு முடிந்தது! ஆனால் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவரெல்லாம் ராஜா ஆகிவிடுவாரா?

1969-ல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஆகப் பறந்தவை, ஸ்பெயினில் கட்டிய 'புச்சோன்' விமானங்கள். அவற்றுக்குள் இருந்ததோ எதிரி நாடான பிரிட்டனின் மெர்லின் எஞ்சின்! 1970-ல் வந்த 'டோரா! டோரா! டோரா!' படத்தில் ஜப்பானின் 'ஜீரோ'வாக நடித்தவை அமெரிக்கப் பயிற்சி விமானங்கள். இப்படி வேஷம் கட்டிய விமானங்களில் சில பின்னர் அருங்காட்சியகங்களுக்கும் வந்து சேர்ந்தன.

வண்ணம் பொய் சொல்லும், உலோகம் சொல்லாது. அசல் 109-ன் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. அதனால் புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்பக்கம் இருக்கும். புச்சோனில் அவை மேலே இருக்கும். ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் குழப்பிக் கொள்பவர்கள் ரேடியேட்டரைப் பார்த்தால் போதும். ஹரிக்கேனுக்கு அது வயிற்றின் நடுவில், ஸ்பிட்ஃபயருக்கு இறக்கையின் அடியில்.

ஆனால் வடிவம் சொல்வது விமானத்தின் ரகத்தை மட்டுமே. அது வாழ்ந்த வாழ்க்கையை யார் சொல்வது?

அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை பறக்கவிட்ட லிபரேட்டர் ஒன்றுக்கு 2005-ல் 'விட்ச்கிராஃப்ட்' என்று பெயரும் வண்ணமும் தீட்டினார்கள். படத்தைப் பார்ப்பவர் அதை ஐரோப்பாவில் குண்டு வீசிய அமெரிக்க விமானம் என்றே நினைப்பார். உண்மையில் அது 1944-ல் டெக்சாஸில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போய், போர் முடிந்ததும் நம் கான்பூரில் கைவிடப்பட்டது. பிரிட்டிஷார் சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போன அத்தகைய லிபரேட்டர்களில் சுமார் 40-ஐ பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தினர் மீண்டும் பறக்க வைத்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் சில லிபரேட்டர்களில் பல, இப்படி இங்கே பிழைத்தவைதான்!

அசல் 'விட்ச்கிராஃப்ட்' 130 முறை போருக்குப் பறந்த விமானம். அதன் வீரர்களை நினைவுகூர அந்த வண்ணத்தைப் பூசுவதில் தவறில்லை. ஆனால் ஒருவரை நினைவுகூர இன்னொருவரை மறைக்க வேண்டுமா? எந்த வண்ணத்தையும் பூசட்டும், அருகில் வைக்கும் பலகையில் விமானத்தின் முழு வரலாற்றையும் எழுதட்டும். படத்தைப் பார்ப்பவர்களும் 'இது என்ன விமானம்?' என்பதோடு நிற்காமல், 'எங்கெல்லாம் இருந்தது, யார் காப்பாற்றியது?' என்றும் கேட்க வேண்டும். கேட்டால்தான் கான்பூர் என்ற பெயர் அந்தப் பலகையில் ஏறும்.